தனியாக ஒரு இதழ் போட்டேன்: 500 பிரதி, 14 மாதம், ஒரு ரேடியோ செட்

2025 சித்திரையில் ஒரு நாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ரேடியோ செட் அண்ணாச்சி, கோயில் விழாக்களுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறவர். "தாயி, நம்ம குழாய ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிட்டாவ. நீ போட்ட பொஸ்தகத்தத்தான் காட்டுனாவளாம்" என்றார். எனக்கு வாயில் பேச்சு வரவில்லை. திட்டியிருந்தால்கூட ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். "சரி, நீ சாப்புட்டுட்டு வேலைக்குப் போ" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு நான் வேலை என்று ஒன்றும் பார்க்கவில்லை.

சொந்தமாக ஒரு இதழ் போட வேண்டும், அதுவும் பெரிய பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத கூட்டங்களைப் பற்றிப் போட வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். என்னிடமே நாலைந்து பேர் வழி கேட்டுவிட்டார்கள். எனக்கு யாராவது முன்னாலேயே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், அண்ணாச்சிக்கு அந்தச் சங்கடமும் வந்திருக்காது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் போய் எழுதிய ஊர்களின் பெயர், ஆட்களின் பெயர் எதுவும் இதில் வராது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். அப்பாவின் ஊர் நாங்குநேரி பக்கம். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் கொடை பார்த்துத்தான் வளர்ந்தேன். கொடை என்றால் எங்கள் பக்கத்தில் ஊர்ச் சாமிக்கு எடுக்கிற திருவிழா. நெல்லைச் சீமையில் சுடலைமாடன் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இருக்கும், கணியான் கூத்து இருக்கும், அதற்கெல்லாம் மேலே பனைமர உயரத்தில் குழாய் கட்டி ரேடியோ செட் பாடும். பெரியவளான பிறகுதான் அந்த ரேடியோ செட்டுக்கென்றே ஒரு கூட்டம் அலைகிறது என்பது தெரிந்தது. எந்த ஊர்க் கொடையில் இன்னும் இசைத்தட்டு போடுகிறார்கள் என்று விசாரித்துவைத்து, வேலை முடிந்த கையோடு பைக்கில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வருகிறார்கள். சாமி கும்பிட வருவதில்லை. வயக்காட்டு வரப்பில் உட்கார்ந்து, எந்தக் குழாயில் எந்த யூனிட் (சத்தம் எழுப்புகிற பாகம்) மாட்டியிருக்கிறது, குரல் எவ்வளவு தூரம் பிசிறில்லாமல் வருகிறது என்று பேசிக்கொண்டு விடிய விடியக் கேட்கிறார்கள். இதுமாதிரி இன்னும் சில கூட்டங்களும் எனக்குத் தெரியும். மொட்டை மாடியில் புறா விடுகிறவர்கள், நெல்லை ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துப் பக்கம் ராத்திரி கூடி ராப் பாடிப் பழகுகிற பையன்கள், காலேஜில் படித்துக்கொண்டே கணியான் கூத்தில் பெண்வேடம் கட்டி ஆடுகிறவர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட இவர்களுடைய இந்த உலகம் தெரியாது. இவர்களை வைத்துத்தான் என் முதல் இதழ்.

இந்த மாதிரி தனி ஆள் இதழை வெளிநாட்டில், மேகஸீன் என்ற சொல்லின் வாலை மட்டும் எடுத்து, ஸீன் என்கிறார்கள். 1930-இல் சிகாகோவில் அறிவியல் கதை ரசிகர்கள் போட்ட ஒன்றிலிருந்து அதன் வரலாற்றைத் தொடங்குவார்கள். 1976-இல் லண்டனில் பங்க் இசைக் கூட்டம் தலையெடுத்தபோது மார்க் பெர்ரி என்ற இளைஞர் வீட்டில் டைப் அடித்து, தலைப்பைக் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து ஒரு இதழ் போட்டார். முதல் இதழ் 50 பிரதிதான். நம் பக்கத்துக்கும் இது புதிதில்லை. கையெழுத்துப் பத்திரிகை நடத்தாத வாசகசாலையோ கல்லூரியோ ஒரு காலத்தில் இருந்திருக்காது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நான் இறங்கினேன். ஆனால் அந்த 50 என்ற எண் என் மண்டையில் ஏறவில்லை. எடுத்த எடுப்பில் 500 அடித்தேன்.

2024 பங்குனியில் வேலையை ஆரம்பித்தேன். சனி, ஞாயிறு, அப்புறம் கொடை நடக்கிற செவ்வாய், வெள்ளி ராத்திரி. அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "ராத்திரி ஒரு மணிக்கு ஒத்தைல எங்கட்டி போற" என்று வாசலில் நின்றே அழுதிருக்கிறாள். பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: கொடை அன்றைக்கு முதல்முறையாகப் போய் இறங்காதீர்கள். ஒரு வாரம் முன்னால் பகலில் போய்க் கோயில் நிர்வாகியைப் பாருங்கள், அவர் வீட்டுப் பெண்களிடம் பேசுங்கள், ராத்திரி தங்க அந்த வீட்டிலேயே இடம் கேளுங்கள். நான் கேட்ட எந்த வீட்டிலும் இல்லை என்று சொன்னதில்லை. சாமக்கொடையில் சாமி ஆடும்போது கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். எடுக்கலாமா என்று அந்த நேரத்தில் கேட்பதுகூடத் தப்பு. கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். பெட்ரோலும் பஸ்ஸும் வாடகை லென்சுமாக இந்த அலைச்சலுக்கு ரூ.9,400 ஆனது.

அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபது தாண்டியவர். மண்ணெண்ணெய் வாசம் அடிக்கிற ஒரு சின்ன அறையில் ஐந்நூறுக்கு மேல் இசைத்தட்டு வைத்திருக்கிறார். எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33 சுற்று, சின்னத் தட்டு 45, பழைய அரக்குத் தட்டு 78. மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே பிரித்து வைப்பார். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து, தட்டின் கோடு ஓடுகிற திசையிலேயே வட்டமாகத் துடைப்பார், குறுக்கே ஒரு தடவைகூடக் கை போகாது. ஊசி துள்ளாமல் இருக்க, ஊசிக் கைக்கு மேல் ஒரு பழைய கால் ரூபாய்க் காசு. "2011-ல கவர்மெண்ட்டு செல்லாதுன்னு சொல்லிட்டு. என்கிட்ட இன்னும் செல்லுது" என்று காட்டினார். பெட்டி ஸ்பீக்கரில் அடிக்குரல்தான் தூக்கலாகத் தெரியும், குழாய்க்கு அடிக்குரல் வராது, மனுசக் குரல் நிற்கிற நடுத்தொனியைத்தான் அது அள்ளிக்கொண்டு போகும், அதனால்தான் இரண்டு ஊர் தாண்டியும் பாட்டு வரிவரியாகக் கேட்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவரைப் பற்றி மட்டும் 11 பக்கம் எழுதினேன். நான் எழுதியதில் உருப்படியான பக்கங்கள் அவைதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அச்சு வேலையில் பட்டதைச் சொல்கிறேன். ஏ5 அளவு, கறுப்பு வெள்ளை, அட்டை மட்டும் கலர், சென்டர் பின். நான் 44 பக்கத்துக்குத் தயார் செய்து போனேன். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம், 44 என்றாலும் மூன்று பாரத்துக்கான காசுதான், 48 ஆக்கிக்கொண்டு வாங்க என்றார்கள். அவசரத்தில் நாலு பக்கத்தை எதையோ வைத்து நிரப்பினேன். எழுத உட்காருவதற்கு முன்பே பாரக் கணக்கைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற டி.டி.பி. வேலைக்குப் பக்கத்துக்கு 100 வீதம் ரூ.4,800. நான் எல்லாவற்றையும் யூனிகோடில் அடித்திருந்தேன். அங்கே அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் புரூஃப் பார்த்தது ஒரு கோப்பு. அதற்குப் பிறகு ஒரு திருத்தம் சொன்னேன், அந்தத் திருத்தத்துக்காக இரண்டாவது பாரத்தை மறுபடி மாற்றியிருக்கிறார்கள். அதை எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. தைக்கப் போகிற நேரத்தில் சும்மா ஒரு தாளை எடுத்துப் பார்க்கிறேன், 'கொடை' என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல், துணைக்காலுக்குப் பின்னால் போய் டையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கொம்பும் காலும் சேர்ந்து வருகிற எழுத்து அத்தனையிலும் அப்படியே. கொடை பற்றிய கட்டுரையில் 'கொ' எத்தனை வரும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அச்சகத்தில் கோப்பில்தான் தப்பு என்றார்கள், டி.டி.பி.யில் மெஷினில்தான் தப்பு என்றார்கள். கடைசியில் அந்த ஒரு பாரத்தை நான்தான் ரூ.7,200 கொடுத்துத் திரும்ப அடித்தேன். அச்சுக்கு ஏற்கெனவே கொடுத்தது ரூ.29,000.

ஆகவே, கடைசித் திருத்தத்துக்குப் பிறகு, அச்சு பிளேட் போடுவதற்கு முன், காகிதத்தில் எடுத்த பிரதியைக் கையில் வாங்கி, 'கொ, கோ, கௌ, ஸ்ரீ' வருகிற இடங்களை மட்டுமாவது பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கையெழுத்துக்கு அப்புறம் தப்பு வந்தால் யார் செலவு என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். பழக்கமான ஆள்தானே என்று விடாதீர்கள்.

2025 தை மாதம் இதழ் வந்தது. விலை 80 ரூபாய், தபால் செலவு உட்பட என்று அட்டையிலேயே போட்டுவிட்டேன். பழைய புத்தகக்காரர்கள் எல்லாரும் ரிஜிஸ்டர் புக் போஸ்ட்டில் அனுப்பினால் சல்லிசு என்று சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு அது. தபால் ஆபீசில் போய் நின்றால், அந்தச் சேவையை 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள் என்றார் கவுண்டரில் இருந்த அக்கா. வேறு வழியில் ஒரு பிரதிக்கு ஏறக்குறைய 50 ரூபாய் ஆனது. 63 பிரதிக்கு ரூ.3,150. கடைகளில் 60 பிரதி வைத்தேன், 35 சதவீதம் கழிவு. அப்படியானால் எனக்குக் கிடைப்பது 52 ரூபாய். ஒரு பிரதி அடிக்கவே 58 ரூபாய் ஆகியிருந்தது. பகல் முழுக்க அடுத்தவர் கணக்கைப் பார்க்கிற நான் இந்தக் கணக்கைப் போடாமல் விட்டேன். அடக்கவிலையைப் போல இரண்டரை மடங்காவது விலை வைக்க முடியாது என்றால் கடைக்குக் கொடுக்காதீர்கள். கையில் வைத்து நேரடியாக விற்றாலே போதும். எனக்குத் தபாலில் போன 63-ஐயும் சேர்த்து 96 பிரதி நேரடியாகத்தான் போனது. கடைகளில் 22.

அரசுப் பதிவு பற்றி ஒரு வார்த்தை. அட்டையில் 'காலாண்டிதழ்' என்று பெருமையாகப் போட்டிருந்தேன், உள்ளே 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்றும் போட்டிருந்தேன். சிற்றிதழ் உலகில் எல்லாரும் போடுகிற வரி அது. விலையும் போட்டுக் கடையிலும் தொங்கவிட்டால் அது எப்படித் தனிச்சுற்று ஆகும் என்று ஒரு வக்கீல் அண்ணன் கேட்ட பிறகுதான் உறைத்தது. 1867-ஆம் வருடச் சட்டம் போய், 2023-இல் நிறைவேறிய பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. செய்தியோ செய்தி மீதான கருத்தோ தாங்கிக் குறிப்பிட்ட இடைவெளியில் வருகிற இதழ் அதன்கீழ் வரும், புத்தகம் வராது. தலைப்புக்கும் பதிவுக்கும் இப்போது ஒன்றாக ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். தொடர்ந்து நடத்தப்போகிறீர்கள் என்றால் முதல் இதழுக்கு முன்பே இதை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பணம். பணம் போனால் ஒரு வருடத்தில் சம்பாதித்துவிடலாம்.

அண்ணாச்சி கட்டுரையில் ஒரு முழுப் பக்கப் படம். இருட்டில் பனை உச்சியில் இரண்டு குழாய், கீழே டியூப் லைட் வெளிச்சத்தில் தட்டைத் துடைக்கிற அண்ணாச்சி, பின்னால் கோயில் போர்டு. கீழே நான் எழுதியிருந்தது: 'இரவு 1.10. சாமக்கொடை முடிந்தும் குழாய் ஓயவில்லை.' எனக்கு அது அழகான வரியாகப் பட்டது. 2000-ஆம் வருட ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக்களுக்காக அரசு வருடத்தில் 15 நாள் வரை தளர்த்தலாம், அதுவும் ராத்திரி 12 மணி வரைக்கும்தான். கூம்புக் குழாய் என்றாலே போலீஸ் கழற்றச் சொல்வார்கள் என்பதும் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. அதனால்தான் அந்த ரசிகர்கள் சத்தம் போடாமல் ஒருவருக்கொருவர் சொல்லி வருகிறார்கள், அந்தக் கூட்டமே மறைவில் இருக்கிறது. மறைவில் இருக்கிறது என்பதை எழுதினேன். எதற்கு மறைந்திருக்கிறார்கள் என்று நான் நிறுத்தி யோசிக்கவில்லை.

இதழ் வந்ததும் சந்தோஷத்தில் 40 பிரதியைச் சும்மா கொடுத்தேன். அதில் பத்து அந்த ஊரிலேயே கொடுத்தது. ஊரில் கொடை வரி விஷயமாக இரண்டு கட்சி ஆகியிருந்தது எனக்குத் தெரியாது. சித்திரைக் கொடைக்குக் கால் நாட்டியதும், ஒரு கட்சிக்காரர்கள் என் இதழை எடுத்துக்கொண்டு போய், வருடா வருடம் இப்படித்தான் ஒரு மணி வரைக்கும் போடுகிறார்கள், பாருங்கள், மணியே போட்டிருக்கிறது என்று ஸ்டேஷனில் கொடுத்திருக்கிறார்கள். கொடை அன்று ராத்திரி வந்து இரண்டு குழாய், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் எடுத்துப் போனார்கள். அண்ணாச்சி அந்தச் சீசனுக்கு வாங்கியிருந்த நாலு அட்வான்சையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அபராதம், வக்கீல் செலவு எல்லாம் சேர்த்து ரூ.18,000. நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது கையை நீட்டவே மாட்டேன் என்றுவிட்டார். மதினிதான் அடுக்களைக்குக் கூப்பிட்டு, "அவிய வாங்க மாட்டாவ, என்கிட்ட குடு" என்று வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்தார். இரண்டு மாதம் கழித்துச் சாமான் திரும்பி வந்தது. ஒரு குழாய் நெளிந்திருந்தது.

மொத்தச் செலவு ரூ.71,550. வந்தது ரூ.8,824. 14 மாதம் ஒரு சனி, ஞாயிறு கிடையாது. 300 பிரதிக்கு மேல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கடைகளில் மிச்சம் இருந்ததைத் திரும்ப எடுக்கப் போனேன், 11 பிரதி எங்கே என்று தெரியவில்லை என்றார்கள். அந்தப் பதினொன்றை நினைத்து இன்றைக்கும் சில ராத்திரி தூக்கம் வருவதில்லை. அச்சடித்ததைத் திரும்ப வாங்க முடியாது. பி.டி.எஃப். ஆக வெளியே விட்டிருந்தால் இன்னும் மோசம்.

அண்ணாச்சியிடம் நான் அனுமதி கேட்டேன்தான். "எழுதிக்கிடட்டுமா" என்றேன், "எழுதிக்கோ" என்றார். அது போதாது. மறைவில் வாழ்கிற கூட்டத்தைப் பற்றி எழுதினால் எழுதியதை முழுக்க அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். படத்தையும் குறிப்பையும் சேர்த்தே காட்ட வேண்டும். "பிடிச்சிருக்கா" என்று கேட்காதீர்கள், பாசத்தில் எல்லாரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "இது உங்களுக்கு ஆகாதவர் கையில் கிடைத்தால் என்ன செய்வார்" என்று கேளுங்கள். நான் அப்புறமாகப் போய்ப் புறா விடுகிற தம்பியிடம் இதைக் கேட்டபோது, "அக்கா, நீங்க போட்ட படத்துல எங்க மாடிக்கு ஏறுத வழி தெரியுது" என்றான். ஒரு ஜோடி நல்ல புறா என்ன விலை போகும் என்று அவனுக்கும் திருடனுக்கும்தான் தெரியும். பெண்வேடம் கட்டுகிற பையன் ஒருவன், தன் காலேஜ் பெயரை மட்டும் எடுத்திருக்கலாம் என்றான். மூன்று பேரும் என்னிடம் சொல்ல வேண்டியதை நான் கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பார்கள். இன்னொன்று, போனில் எடுத்த படத்தைக் கோப்பாக அனுப்பும்போது எடுத்த இடமும் நேரமும் அதற்குள்ளேயே போகக்கூடும். அனுப்புவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள்.

இப்போது இரண்டாவது இதழ் தயாராகிறது. 16 பக்கம், ஜெராக்ஸ், 50 பிரதி. யார் யாருக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அண்ணாச்சியைப் பற்றி மறுபடியும் எழுத எனக்கு மனசு வரவில்லை. அவர்தான் கேட்டார், தட்டு துடைக்கிற விதத்தை யாராவது எழுதி வைக்கணும் என்று. ஊர் இல்லை, மணி இல்லை, முகம் இல்லை, கை மட்டும். போன ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் உட்கார்ந்து ஐந்து பக்கத்தையும் படித்துக் காட்டினேன். இந்தக் கட்டுரையையும்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அந்த இடி விழுந்த வேம்ப எடுத்துரு தாயி. எங்கூர்க்காரன் படிச்சாம்னா எந்தக் கோயில்னு கண்டுக்கிடுவான்."

எடுத்துவிட்டேன். கால் ரூபாய் இருக்கட்டும் என்றார்.